மறைமலையடிகள் வாழ்க்கையும் ஆசிரியர்க்குரிய ஓய்வும்

ஆசிரியத் தொழில் பூண்ட எம்மனோர் மாணாக்கர்க்குச் சுகவிதிகளை ஓதுவிப்பதில் வல்லராயிருக்கின்றோம். வைகறையிற் றுயிலெழுதல் வேண்டும், அளவறிந்து உண்ணல் வேண்டும், சினத்தை அடக்கல் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றோம். எழுதிய கையோடு அவற்றை மறந்தும் போகின்றோம். காலையிற் பாடசாலை, மாலையிற் றனிவகுப்பு, இரவில் விடைத்தாள், இடையிடையே கோயிற்சபைக் கூட்டம், கலியாண வீடு, செத்த வீடு. இவற்றுள் எதனையும் விடுதற்கில்லை என்பது எமது துணிபு. தீவுப்பகுதிப் பாடசாலைகளிற் கற்பிப்போர்க்கோ இவற்றின்மேலும் ஒரு பாரம் உண்டு. குறிகட்டுவான் துறையில் வள்ளம் பார்த்துக் காத்து நிற்றலும், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் அலைப்புண்டு போய் மீண்டும் அவ்வாறே திரும்புதலும் அவர்தம் நாட்கடனாகும்.

எமக்கு ஐம்பது வயது கடந்த பின்னர் நேர்ந்த ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் தகும். நித்திரை குறைந்தது, தலைக்கனமுஞ் சலிப்பும் நாடோறும் உடன் வந்தன. ஒரு நாட் காலை வகுப்பிலே கணக்குப் பிழைவிட்ட சிறுவன் ஒருவனை, பிழையின் அளவுக்குச் சிறிதும் ஒவ்வாத கடுஞ்சொற்களால் எல்லார் முன்னிலையிலும் வைதுவிட்டோம். அவன் அழவில்லை, தலை குனிந்திருந்தான். அன்று மாலை வீடு திரும்பும் வழியில், அவனைத் தண்டித்தது அவன் பிழையன்று, எமது களைப்பே என்று எமக்குத் தெளிவாயிற்று. களைத்த ஆசிரியன் அநீதி செய்கிறான். அதனைத் தான் செய்வதாக அறியவும் மாட்டான். அந்நாட்களிலேதான் மறைமலையடிகளின் வாழ்க்கையை மீளவும் படிக்கத் தொடங்கினோம். அடிகளைத் தனித்தமிழ் வளர்த்த புலவராகவும் சைவசித்தாந்தப் பேராசிரியராகவும் யாவரும் அறிவர். அவர் தமது வாழ்நாளின் நடுவிலே நின்று, திரும்பிப் பார்த்து, அதனை வேறோர் ஒழுங்கில் அமைத்துக்கொண்டவர் என்பதைச் சிலரே கருதுவர். அப்பகுதியையே சக ஆசிரியர்களாகிய உங்கட்குச் சொல்லப் புகுந்தோம்.

அடிகள் 1876 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆம் நாள் நாகபட்டினத்தை அடுத்த காடம்பாடியிற் பிறந்தனர். தந்தையார் சொக்கநாத பிள்ளை. மருத்துவத் தொழில் புரிந்தவர். தாயார் சின்னம்மையார். நெடுநாட் பிள்ளைப்பேறின்றித் திருக்கழுக்குன்றத்துப் பெருமானை நேர்ந்து பெற்ற மகவாதலால், அத்தலத்து இறைவன் பெயரையே தழுவி வேதாசலம் என்று பெயரிட்டனர். நாகபட்டினத்து வெசுலியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலக் கல்வி தொடங்கியது. யாமும் மிஷன் பாடசாலையிலேயே எழுத்தறிந்தவர். சைவப் பிள்ளை ஒருவன் அத்தகைய பாடசாலையில் இருந்துகொண்டு தன் சமயத்தைத் தானே தேடிக் கண்டுகொள்ளும் நிலையை நன்கறிவோம். தந்தையார் காலமானமையால் வேதாசலத்தின் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. எனினும் கல்வி நிற்கவில்லை. அந்நகரிற் புத்தகக்கடை வைத்திருந்த தமிழறிஞர் நாராயணசாமி பிள்ளையிடம் இலக்கிய இலக்கணங்களைக் கற்றனர். சைவசித்தாந்த சண்டமாருதம் எனப் பெயர் பெற்ற சோமசுந்தர நாயகரிடம் சித்தாந்த நூற்பொருளுணர்ந்தனர்.

1897 ஆம் ஆண்டில் நல்லசாமி பிள்ளை தொடங்கிய சித்தாந்த தீபிகையின் தமிழ்ப் பதிப்புக்குத் தொடக்க காலத்தில் ஆசிரியராயிருந்தனர். 1898 ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் றமிழாசிரியராயமர்ந்தனர். பரிதிமாற் கலைஞர் என்னும் சூரியநாராயண சாஸ்திரியார் அங்கே உடன் பணியாற்றினர். இளைஞர் வேதாசலத்துக்கு அப்போது வயது இருபத்திரண்டு நிரம்பவில்லை. சென்னை வாழ்க்கையின் தொடக்கத்திலேயே உடல் நலங் குன்றிற்று. நோய் நீங்கவேண்டி முருகப்பெருமானை நேர்ந்துகொண்டு, நலம் பெற்றபின் திருவொற்றி முருகர் மும்மணிக்கோவையைப் பாடினர். அந்நூல் 1900 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடம்பு இவ்வாறு ஒருமுறை எச்சரித்தும் உழைப்புக் குறைந்ததில்லை. 1902 இல் ஞானசாகரம் என்னும் மாத இதழைத் தொடங்கினர். 1903 இல் முல்லைப்பாட்டாராய்ச்சி, 1906 இற் பட்டினப்பாலையாராய்ச்சி, 1907 இற் சாகுந்தல மொழிபெயர்ப்பு. 1905 இற் சைவசித்தாந்த மகாசமாசத்தை நிறுவி அதன் பணிக்காக ஊர்தோறும் அலைந்தனர். இவையெல்லாம் கல்லூரி வகுப்புக்களுக்கு மேற்பட்ட வேலைகள். இல்லறமும் பிள்ளைகளும் உடனிருந்தன. இப்பட்டியலைப் படிக்கும் ஆசிரியர் எவரும் தமது நாட்குறிப்பைத் தாமே படிப்பதுபோல உணர்வர்.

1911 ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்டத்திற் றமிழ் கட்டாய பாடமாயிருந்த நிலை மாறிற்று. கல்லூரிகளிற் றமிழாசிரியர்க்கிருந்த தேவை குறைந்தது. அடிகள் பதின்மூன்றாண்டு பார்த்த உத்தியோகத்தை விட்டனர். அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து. மனைவியும் மக்களும் உள்ள ஒருவர் மாதச் சம்பளத்தை விடுவது எளிதன்று என்பதை எம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வேறிடத்து வேலை தேடி ஓடாமல், சென்னை நகரின் இரைச்சலை நீங்கிப் பல்லாவரத்திற் குடியேறினர். அவ்வாண்டு ஆகத்து மாதம் 27 ஆம் நாள் துவராடை பூண்டனர். ஆயினும் குடும்பத்தை நீத்துக் காட்டுக்குப் போயினாரல்லர். மனையிலிருந்துகொண்டே துறவொழுக்கத்தை மேற்கொண்டனர். இதனைப் பின்னாளிற் குறை கூறினோரும் உளர். எமக்கோ இதுவே அவர் வாழ்க்கையில் ஆசிரியர்க்கு மிகவும் பயன்படும் பகுதியாகத் தோன்றுகின்றது. கடமைகளை விட்டோடாமல், கடமைகளின் நடுவே ஓர் அமைதியை உண்டாக்கிக்கொள்ளல் கூடுமோ என்பதே எமது வினாவுமாதலின்.

பல்லாவர வாழ்க்கை சோம்பல் வாழ்க்கையன்று. பொதுநிலைக் கழகம் அங்கே தோன்றியது. ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் கொண்ட நூல்நிலையம் அங்கே வளர்ந்தது. 1916 ஆம் ஆண்டிற் றம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கி மறைமலை என வழங்கத் தொடங்கியதும், மகளார் நீலாம்பிகையாருடன் கூடித் தனித்தமிழ் நெறியைக் கைக்கொண்டதும் அங்கிருந்தே. பல்லாண்டு ஆராய்ந்த மாணிக்கவாசகர் வரலாறுங் காலமும் 1930 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கல்லூரி மணியோசைக்குட்பட்டு எழுதிய நூல்களினும் அங்கமர்ந்து எழுதியவை மிகுதி. ஆதலின் அடிகள் பெற்ற ஓய்வு தொழிலொழிதல் அன்று. தொழிலைத் தம் மனத்துக்கும் உடம்புக்கும் இசைந்த ஒழுங்கில் நிறுத்துதலாம். பிறர் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஓடுதலை நிறுத்தினர். ஓடவேண்டிய திசையைத் தாமே தெரிந்துகொண்டனர்.

இவ்வொழுங்கைத் தமக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளாது நூல்களாகவும் எழுதினர். யோகநித்திரை அல்லது அறிதுயில் என்னும் நூல், உடலுறுப்புக்களைத் தளரவிட்டு, மூச்சை அமைதியாக்கி, மனத்தை ஒரு நல்லெண்ணத்தில் நிறுத்தி இளைப்பாறும் முறையைக் கூறுவது. மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை என்னும் பெருநூல் 1933 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உணவு, நீர், காற்று, உறக்கம், மனவமைதி ஆகியவற்றை ஒழுங்குசெய்து வாழ்நாளை நீட்டும் வகையை விரிப்பது அது. புலாலுண்ணாமையைச் சமயவொழுக்கமாக மாத்திரமன்றி உடல் நலத்துக்குரிய ஒழுக்கமாகவும் அடிகள் வற்புறுத்தினர். மேனாட்டார் எழுதிய நூல்களையும் நம் முன்னோர் நெறியையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து எழுதினமையால், படித்த சைவ இளைஞர் அவற்றை விரும்பிக் கற்றனர். இன்னும் ஒன்று: 1898 ஆம் ஆண்டு தொடங்கி 1950 வரையும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அவர்க்கிருந்தது. ஐம்பதாண்டுக்கு மேலாக ஒருவர் தம் நாட்களைத் தாமே எழுதிப் பார்த்தல் சிறிய செயலன்று. கடைக்காரர் நாள் முடிவிற் கல்லாப்பெட்டியை எண்ணாமல் உறங்கார். ஆசிரியராகிய நாமோ எந்நாளையும் எண்ணாமலே உறங்குகின்றோம்.

உண்மையை மறைத்தல் சைவர்க்கு அழகன்றாதலின், மாறுபட்டவற்றையுஞ் சொல்வோம். நூறாண்டு வாழும் வகை எழுதிய அடிகள் 1950 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 15 ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதிலே சிவபதம் எய்தினர். அன்புக்குரிய மகளார் அவர்க்கு முன்னரே இறந்துபட்டனர். நூலிற் சொல்லிய நூறாண்டு ஆசிரியர்க்கே கிடைக்கவில்லையே என நகுவாரும் உளர். மேலும், மனக்கவர்ச்சி முதலியவற்றைக் குறித்து அக்காலத்து மேனாட்டு நூல்களைத் தழுவி அவர் எழுதியவை எல்லாவற்றையும் இன்றைய மருத்துவர் ஒப்புக்கொள்ளார். இவற்றை நாம் அறிந்தே கற்றல் வேண்டும். ஆயினும் ஆயுளின் அளவு இறைவன் கையிலுள்ளது. கிடைத்த ஆயுளை நடத்தும் வகையே நம் கையிலுள்ளது. இளமையிலேயே நோய்ப்பட்ட உடம்போடு எழுபத்து நான்கு வயது வரையும் கற்றும் எழுதியும் வாழ்ந்தாரென்பதே அவர் நெறியின் பயனுக்குப் போதிய சான்றாகும். அவர் தேடிய நூல்கள் அவர்க்குப் பின்னும் சிதறவில்லை. 1958 ஆம் ஆண்டிற் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாக அமைந்தன. அவர் விட்டுவந்த கல்லூரியும் 1937 ஆம் ஆண்டில் நகரை விட்டுப் பல்லாவரத்துக்கு அணித்தாகிய தாம்பரத்துக்கே குடிபெயர்ந்தது. அமைதியைத் தேடி அடிகள் முன்னே நடந்த வழியிற் கல்லூரி பின்னே வந்தது போலும்.

இனி எமக்கு வருவோம். அடிகளைப்போல உத்தியோகத்தை விடுதல் எல்லார்க்கும் இயலாது, வேண்டுவதுமன்று. அவர் செய்தவற்றுள் நாம் செய்யக்கூடியவற்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அவை சிலவே. முதலாவது, உறக்கம். வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டுமென்று மருத்துவர் கூறுவர். கைப்பேசியின் ஒளியில் நள்ளிரவுவரை விழித்திருந்துவிட்டு, மறுநாள் மாணாக்கர் கொட்டாவி விடுதலைக் கடிதல் முறையன்று. இரண்டாவது, உணவு. குரக்கன், சாமை, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி என்பன எமது தீவுகளுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புதியனவல்ல. வெள்ளைச் சீனியும் கடைப்பலகாரமுமே புதியன. நாம் சீனியைக் குறைத்த சில மாதங்களில் உடம்பின் பாரங் குறைந்ததைக் கண்டோம். மூன்றாவது, நாள் முடிவில் ஒரு பக்கமேனும் எழுதிப் பார்த்தல்.

நான்காவதே தலையாயது. சைவர்க்குச் சந்தியாகால அநுட்டானம் விதிக்கப்பட்டிருக்கின்றது. காலையும் மாலையும் கை கால் சுத்தி செய்து, திருநீறணிந்து, ஓரிடத்தமர்ந்து, மூச்சடங்கித் திருவைந்தெழுத்தை எண்ணுதல், பொழுதின் இரு முனையிலும் நம் முன்னோர் கட்டிவைத்த இளைப்பாறு மண்டபமன்றோ? நாம் அதனை வள்ளத்துக்கு ஓடுபவர்போல ஓடிக்கொண்டே முடித்துவிட்டு, ஓய்வில்லையென்று குறைப்படுகின்றோம். ஓய்வு எம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாமே அதனிடத்து அமரவில்லை.

நாம் மேற்சொன்ன சிறுவனை மறுநாள் அழைத்து, முதனாட் கூறிய சொல் தவறென்று அவ்வகுப்பார் முன்னிலையிலேயே சொன்னோம். அவன் என்ன நினைத்தான் என்று கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னர்த் தெரியாத கணக்கைத் தெரியாதென்று எழுந்து சொல்லும் துணிவு அவனுக்குண்டாயிற்று. மாலைத் தனிவகுப்புக்களுள் ஒன்றை நிறுத்தி, அந்நேரத்திற் கடற்கரையோரம் நடந்து வந்து அநுட்டானத்துக்கு அமர்கின்றோம். வருவாய் சிறிது குறைந்தது உண்மையே. குறைந்ததை வீட்டார் பொறுத்துக்கொண்டனர்.

சைவாசிரியர்காள், பிள்ளைகள் நம் சொல்லினும் நம் முகத்தையே முதலிற் படிக்கின்றனர். அம்முகத்திற் களைப்பும் வெறுப்பும் எழுதியிருப்பின், அதன் கீழ் நாம் ஓதும் நீதிநூல் ஏறாது. வருகின்ற தவணை விடுமுறையிலாவது ஒரு நாள் எதனையும் மேற்கொள்ளாது, நயினை அம்பாள் சந்நிதியிலோ உங்களூர்க் கோயில் வீதியிலோ அமர்ந்து, உங்கள் நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மறைமலையடிகள் தமது முப்பத்தைந்தாம் வயதில் அதனைச் செய்தார். யாம் ஐம்பது கடந்து செய்தோம். உங்களுள் இளையோர் அத்துணை நாள் காத்திராதிருப்பீராக.