இடி மின்னலை வென்ற ஆர்ம்ஸ்ட்ராங்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் வானம் கறுத்து மின்னல் வெட்டத் தொடங்கினால், மத்திய அலை ரேடியோவில் கச்சேரி கேட்பவர் பாடு திண்டாட்டந்தான். வித்வானுடைய சங்கதிகள் யாவும் கரகரவென்ற இரைச்சலில் அடித்துக்கொண்டு போய்விடும். அதே வேளையில், சென்னையிலிருந்து எப்.எம். அலையில் வரும் பாட்டு செங்கற்பட்டு டீக்கடையில் மணி போல் ஒலிக்கிறது. இந்தச் சௌகரியத்தை உலகுக்கு அளித்தவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

1890 டிசம்பர் 18-ல் நியூயார்க்கில் பிறந்தார். சிறு வயதில் வந்த நோய் ஒன்று அவருடைய கழுத்திலும் தோளிலும் ஒரு வெட்டு இழுப்பை விட்டுச் சென்றது. கூச்ச சுபாவமுள்ள அந்தப் பையனுக்கு இரண்டே பைத்தியங்கள்: ஒன்று கம்பியில்லாத் தந்தி, மற்றொன்று உயரம். யாங்கர்ஸ் நகரில் தம் வீட்டுக் கொல்லையிலேயே 125 அடி உயரக் கம்பம் ஒன்றை நட்டு அதன்மேல் ஏறி இறங்கினார்.

கொலம்பியா சர்வகலாசாலையில் மாணவராக இருக்கும்போதே, 1912-ல், ஈனமான ரேடியோ ஒலியைப் பன்மடங்கு பெருக்கும் முறையைக் கண்டார். முதல் உலக யுத்தத்தின்போது ராணுவ அதிகாரியாகப் பிரான்ஸில் இருக்கையில், 1918-ல், சூப்பர்ஹெட்டரோடைன் அமைப்பை உருவாக்கினார். பிற்காலத்து ரேடியோப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அமைப்பில் வந்தவையே. பேட்டண்டுகளை விற்றதில் பெரும் பணக்காரரானார், ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஏராளமான பங்குகளும் கிடைத்தன. அந்தக் கம்பெனியின் பெரும்புள்ளி டேவிட் சார்னாப் அவருக்கு நண்பர். சார்னாபின் காரியதரிசியாக இருந்த மரியன் என்ற பெண்ணையே 1923-ல் மணந்தார்.

பணம் வந்ததும் பலர் ஓய்ந்து விடுவார்கள். இவருக்கோ ரேடியோவின் இரைச்சல் ஒன்றே மனத்தை அரித்தது. பழைய முறையில், பாட்டுக்கு ஏற்றபடி அலையின் பலம் கூடிக் குறையும். மின்னலும் அந்தப் பலத்தைத்தான் ஆட்டுகிறது. எது பாட்டு, எது மின்னல் என்று பெட்டிக்குத் தெரிவதில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் அலையின் பலத்தை மாறாமல் நிறுத்திவிட்டு, அது துடிக்கும் வேகத்தைப் பாட்டுக்கேற்ப மாற்றினார். பலத்தில் வந்து ஒட்டும் இரைச்சலைப் பெட்டியே சீவி எறிந்துவிடும். இந்த வழியால் பயனில்லை என்று கணித மேதைகள் முன்பே தீர்ப்புக் கூறியிருந்தார்கள். அலைக்குத் தாராளமாக அகலம் கொடுத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை!

1933 டிசம்பரில் பேட்டண்டுகள் கைக்கு வந்தன. 1935 நவம்பரில் நியூயார்க்கில் கூடிய எஞ்சினீயர்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. யாங்கர்ஸில் ஒருவர் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார், காகிதத்தைக் கசக்கினார். பக்கத்து அறையில் நடப்பதுபோல் அது சபைக்குக் கேட்டது.

எனினும், ஆர்.சி.ஏ. கம்பெனியின் கவனம் டெலிவிஷன்மேல் இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனைக்குக் கொடுத்திருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் கைப்பணத்தைக் கொட்டி, ஆல்பைன் என்ற ஊரில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரம் ஒன்றை எழுப்பினார். எப்.எம். நிலையத்துக்கு உயரம் உயிர்நாடி. அதன் அலை ஏறக்குறைய ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்வது. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டதே, அதே கணக்குத்தான். விளக்கு உயர உயர, அதிக தூரத்துத் தோணிக்காரன் காண்பான்.

நிலையங்கள் பெருகி வந்த சமயத்தில், 1945-ல், அமெரிக்க சர்க்கார் எப்.எம். அலைவரிசையையே 88 முதல் 108 மெகாசைக்கிளுக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே உத்தரவில் வீணாயின. ஆர்.சி.ஏ. தன் பேட்டண்டை மீறியதாக 1948-ல் ஆர்ம்ஸ்ட்ராங் கோர்ட்டுக்குப் போனார். முன்பே லீ டி பாரஸ்ட் என்பவருடன் இருபது ஆண்டு வழக்காடி, 1934-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றவர் அவர். அப்பொழுது, தமக்குத் தந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் எஞ்சினீயர்கள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். இம்முறை அத்தகைய ஆறுதலும் இல்லை. விசாரணை வருஷக்கணக்கில் இழுத்தது, பேட்டண்டுகளின் காலம் கழிந்தது, செல்வம் கரைந்தது. பணத்தகராறில் மனைவியும் பிரிந்து சென்றார். 1954 ஜனவரி 31-ந் தேதி இரவு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆர்ம்ஸ்ட்ராங் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். வயது 63.

அந்த அம்மாள் வழக்கை விடவில்லை. ஆர்.சி.ஏ. அதே ஆண்டில் பத்து லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மற்றக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக அவர் வென்றார். கடைசி வழக்கு 1967-ல் முடிந்தது.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1977 ஜூலை 23-ல், இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது.