கானகத்தை நம்பிய மா. கிருஷ்ணன்

மாதச் சம்பளம் நின்றால் குடும்பம் என்னாகும்? உத்தியோகஸ்தர் எல்லோருக்கும் உள்ள கவலை இது. அந்தக் கவலையை மீறிக் காட்டை நம்பி வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளையாக 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். தாவர இயலும் சட்டமும் படித்தார். 1942-ல் பிழைப்புக்காகப் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானம் சென்று ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. பிறகு அவர் உத்தியோகம் தேடவில்லை. சென்னையில் இருந்துகொண்டு, எழுத்தையும் காமிராவையுமே நம்பினார்.

கோடையில் இலை உதிர்ந்து காடு வெளிச்சமாகும். எஞ்சிய நீரைத் தேடி மிருகங்கள் வரும். காட்டைப் பார்ப்பவர்க்கு அதுவே ஏற்ற பருவம். கிருஷ்ணன் நடந்தும் யானை மீதேறியும் சென்று படமெடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே காமிரா அமைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படமே அவருக்குப் பிடித்தம்.

1950 முதல் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டில் 46 ஆண்டுகள் எழுதினார். யானையோடு காகமும் அணிலும் அதில் இடம்பெற்றன. 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1996 பிப்ரவரி 18-ல் காலமானார்; அன்றைய இதழிலும் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது.

கார்வேட்டிநகரம் புஷ்கரணிப் படியில் மாலையில் அமர்வோரும் அவர் வழியில் செல்லலாம். அதற்குப் பொறுமை ஒன்றே முதல்.