முதுமையிற் கற்ற கை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நூற்கல்வியினும் கைப்பயிற்சிக்கே இது மிகுதியும் பொருந்துமென்பர் பலர். கண் காட்டும் வழியிற் கை செல்லும் பழக்கம் இளம்பிராயத்திலன்றி அமையாது என்பது அவர் துணிபு. அத்துணிபைத் தம் வாழ்க்கையாற் சோதித்தறிந்தவர் ருஷிய நாட்டுப் பேரெழுத்தாளராகிய லியோ டால்ஸ்டாய் பிரபு.

இவர் 1828-ஆம் ஆண்டு யாஸ்னாயா போலியானா என்னும் பண்ணையிற் பிறந்தார். போரும் அமைதியும், அன்னா கரினீனா என்னும் பெருநாவல்களால் ஐம்பது வயதிற்குள் தம் நாட்டின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவராயினார். அதன்பின் அவருள்ளத்தில் ஒரு பெருங்கலக்கம் எழுந்தது. பிறருழைப்பால் உண்டு வாழ்தல் அறமாகாதென உணர்ந்தார்; குடியானவரோடு நின்று ஏர் உழுதார், புல் அறுத்தார். மாஸ்கோவில் வசித்த காலத்தில் ஒரு செம்மானை ஆசானாகக் கொண்டு பாதரட்சை தைக்கக் கற்றார்.

எழுதுகோலையே பிடித்துப் பழகிய கைக்குத் தோலும் ஊசியும் எளிதில் வசப்படுமோ? குத்தும் துளைகள் ஒரே அளவிலும் ஒரே வரிசையிலும் அமைதல் வேண்டும். நூலை இழுக்கும் வலிமையும் இருபுறம் ஒத்திருத்தல் வேண்டும். டால்ஸ்டாய் அதனை விடாது பயின்றார். 1885-ஆம் ஆண்டில் அவர் தைத்த பாதரட்சைகளைக் கவிஞர் பேத் ஆறு ரூபிள் கொடுத்து வாங்கிக்கொண்டு நற்சான்றும் எழுதியளித்தார். சுகோதின் என்னும் மற்றொருவரோ, தமக்குக் கிடைத்த பாதரட்சைகளை அணியாமல், டால்ஸ்டாயின் பன்னிரண்டு நூற்றொகுதிகளின் அருகே பதின்மூன்றாம் தொகுதியாக வைத்துக்கொண்டார் என்பர்.

1895-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்குடும்பத்திற் பேரிடி வீழ்ந்தது. ஏழு வயது நிரம்பாத கடைசி மகன் வானிச்கா செங்காய்ச்சலால் இறந்தான். தாய் தந்தையர் இருவரும் துயரிலாழ்ந்தனர். அவ்வாண்டின் வசந்தகாலத்திலேதான், அறுபத்தாறு நிரம்பிய டால்ஸ்டாய், குதிரைப் பயிற்சிக்கென அமைந்த மாஸ்கோப் பெருமண்டபத்தில் துவிசக்கர வண்டி ஏறக் கற்கத் தொடங்கினார்.

ஒருநாள் அம்மண்டபத்தின் மறுகோடியில் ஒரு சீமாட்டியும் வண்டி பயின்றுகொண்டிருந்தாள். அவள்மேல் மோதலாகாதென்னும் அச்சத்தால் டால்ஸ்டாய் அவளையே நோக்கியவண்ணம் வந்தார். நோக்க நோக்க வண்டி அவளையே நாடிச் சென்றது. முடிவில் மோதி அவளை வீழ்த்தியும் விட்டது. தாம் எதை விலக்க விரும்பினாரோ அதிலேயே கண்ணைப் பதித்தமையால் கையும் அவ்வழியே சென்றதென்று அவரே பின்னர் எழுதினார். கைப்பயிற்சியின் மருமம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

துறவு மனப்பான்மையுடைய பெரியவர் வண்டியேறி விளையாடுவது தகுமோவென்று அவரைப் பின்பற்றினோருட் சிலர் முறுமுறுத்தனர். இது குற்றமற்ற களிப்பேயென்று தம் நாட்குறிப்பில் எழுதிவிட்டு, அவர் பயிற்சியைத் தொடர்ந்தார். மறு ஆண்டு யாஸ்னாயா போலியானாவில் இளைஞரோடு டென்னிஸ் பந்தும் ஆடினார். 1910-ஆம் ஆண்டு, தம் 82-ஆம் வயதில், அஸ்தாப்போவா ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார்.

அக்காலத்து அறியப்படாத ஒன்றைப் பிற்கால விஞ்ஞானம் ஆராய்ந்து கண்டது. 2008-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய அறுபது வயதினர்க்கு மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று திங்கள் பயிற்றியதன் முடிவை வெளியிட்டனர். இளைஞரைப்போல எல்லோரும் தேர்ச்சி பெற்றிலர். ஆயினும், அசையும் பொருளைக் காண்டற்குரிய மூளைப்பகுதி பயின்றோர்க்குச் சிறிது பருத்திருந்தது. பயிற்சி நின்றபின் அப்பருமன் குறைந்தது. முதுமை கல்வியின் வேகத்தைக் குறைக்குமேயன்றி வாயிலை அடைப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

வயது முதிர்ந்தோரைத் தடுப்பது பெரும்பாலும் நாணமே. புகழ்பெற்ற ஒருவர் பலர் காணத் தடுமாறுதற்கு ஒருப்படுவது எளிதன்று, டால்ஸ்டாய் ஒருப்பட்டார். இளமைக்குரிய விரைவை உடைய நம் மாணாக்கர் அதனை வீணாக்காதிருப்பாராக; இக்கல்லூரியை விட்டகன்று நரை கண்ட பழைய மாணவரோ, இனி நமக்கென்ன கல்வியென்று கைகட்டி அமராதிருப்பாராக.