சம்பு நாத் டே

சம்பு நாத் டே (பெப்ரவரி 1, 1915 – ஏப்ரல் 15, 1985) இந்திய மருத்துவ அறிவியலாளரும் நோயியல் பேராசிரியரும் ஆவார். காலரா எனப்படும் வாந்திபேதியில் உடல்நீர் பெருமளவில் வெளியேறுவதற்கு, அந்நோய்க் கிருமி குடலினுள் வெளியிடும் நச்சே காரணம் என்பதை 1959 இல் இவர் நிறுவினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாட்டி என்ற சிற்றூரில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939 இல் பட்டம் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ராய் கேமரோனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1949 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கல்கத்தா திரும்பி நோயியல் பேராசிரியராகப் பணியாற்றி, 1973 இல் ஓய்வு பெற்றார்.

ஆய்வுகள்

காலராக் கிருமி ஒரு நச்சை உண்டாக்குகிறது என்று இராபர்ட் கோக் 1884 இலேயே கருதினார். எனினும் அதனை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. டே அந்நச்சின் செயலைக் குடலின் உட்புறத்திலேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் நிரம்பி வீங்கியிருந்தது. இச்சோதனை 1953 இல் வெளியானது. 1959 இல், கிருமிகள் முற்றாக வடிகட்டி நீக்கப்பட்ட வளர்ப்பு நீர்மமும் அதே விளைவைத் தருவதைக் காட்டினார். இக்கட்டுரை நேச்சர் இதழில் வெளிவந்தது.

நச்சு செயற்படும் முறை

கலமென்சவ்வு நீரை எளிதில் கடக்கவிடும்; அயனிகளோ அதிலுள்ள புரத வாயில்கள் வழியாகவே செல்ல இயலும். காலரா நச்சு குடற்கலத்தினுள் புகுந்து வளைய ஏ.எம்.பி. என்னும் மூலக்கூற்றின் அளவை உயர்த்துகிறது. இதனால் குளோரைடு வாயில்கள் திறந்தே இருக்கின்றன. குளோரைடு குடலினுள் வெளியேற, சோடியம் அதனைத் தொடர்கிறது; சவ்வூடு பரவலால் நீரும் பின்செல்கிறது. குடற்சுவரின் கலங்கள் அழியாமலேயே இந்த இழப்பு ஏற்படுகிறது. சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளிழுக்கும் மற்றொரு வாயில் பழுதின்றி இயங்குகிறது. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து நோயாளியைக் காப்பாற்ற முடிவது இதனாலேயே ஆகும்.

மதிப்பீடு

நோபல் பரிசு பெற்ற யோசுவா லெடர்பர்க் இவரது பெயரை அப்பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் முன்மொழிந்தார். 1978 இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். ஆயினும் இந்தியாவில் பெரிய அறிவியல் விருது எதுவும் இவரது வாழ்நாளில் வழங்கப்படவில்லை. இவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1990 இல், கரண்ட் சயின்ஸ் இதழ் இவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது.