க்ஷயக் கிருமியைக் கண்ட இராபர்ட் கோக்

நம் காலனி வீடுகளில் க்ஷயரோகம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. மார்ச்சளி என்போம், உடம்பு இளைப்பு என்போம். பேசி முடித்த சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற அச்சம்தான். அந்நோய் முன்வினையுமன்று, குலத்தோடு வருவதுமன்று, ஒரு கிருமியின் வேலையே என்று நிறுவிக் காட்டிய பெரியாரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இராபர்ட் கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். மருத்துவம் பயின்று, வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட வைத்தியரானார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் உருப்பெருக்கியின் முன் அமர்ந்தார். 1876இல் ஆந்திராக்ஸ் கிருமியின் வாழ்க்கையை விளக்கினார். 1880இல் பெர்லின் அவரை அழைத்துக்கொண்டது.

க்ஷயக் கிருமியோ எளிதில் அகப்படவில்லை. பிற கிருமிகள் சாயத்தில் தோய்த்த பருத்தி நூல்போல் நிறம் பெறும். இதன்மேல் சாயம், சேப்பங்கிலையில் விழுந்த நீர்போல் வழிந்தோடும். மழைக்காலத்தில் சரக்கு வாகன்களின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதை நாம் காண்கிறோமன்றோ? அத்தகையதொரு கொழுப்புப் போர்வை இதற்கு உண்டு. உள்ளே வலைபோன்ற சுவர். அச்சுவரில் சர்க்கரைச் சங்கிலிகள். சங்கிலிகளின் நுனியில் மைக்காலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு. நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் பெரும்பாலும் 18 கரி அணுக்களே. இதிலோ 60 முதல் 90 வரை. இவை நெருங்கி நிற்க, மேலே வேறு கொழுப்புகள் படிந்து ஈரடுக்குப் போர்வையாகின்றன. அவ்வீரடுக்கை எலெக்ட்ரான் உருப்பெருக்கியில் தெளிவாகக் கண்டது 2008இல்தான்.

இவை எவையும் கோக் அறியார். காரம் கலந்த மெதிலீன் நீலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஊறவைத்தார். பின்பு பழுப்புச் சாயம் இட்டார். மற்றவை பழுப்பாக, மெல்லிய குச்சிகள் மட்டும் நீலமாக நின்றன. அவற்றை உறைந்த குருதிநீரில் வளர்த்தார். முதல் வாரம் ஒன்றும் முளைக்கவில்லை. மற்றொருவராயின் குழாயைக் கழுவி வைத்திருப்பார்; இவர் காத்திருந்தார், இரண்டாம் வாரத்தில் கண்டார். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் அவையில் அதனை வெளியிட்டார். கேட்டிருந்த பால் எர்லிக், விரைவிலேயே சாயமிடும் முறையைத் திருத்தியமைத்தார். ஒருமுறை ஏறிய சாயம் அமிலத்தில் கழுவினும் போகாது என்று கண்டவர் அவரே. சளிப் பரிசோதனையில் கிருமி சிவப்பாகத் தெரிவது அவ்வழி வந்த முறையாலேயாம்.

நிற்க. பெரியோர்க்கும் சறுக்கல் உண்டு. 1890இல் டியூபர்குலின் என்னும் மருந்தைக் கண்டதாகக் கோக் அறிவித்தார். அதன் சேர்க்கையையோ முதலில் மறைத்து வைத்தார். நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினர். குணம் காணவில்லை, பலர் மாண்டனர். மறைத்தது தவறு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அச்சரக்கின் வழிவந்ததே, குழந்தைகளின் கையில் ஊசியிட்டுத் தடிப்பை அளக்கும் சோதனை.

அவர் நம் நாட்டுக்கும் வந்தவர். 1884இல் கல்கத்தாவில் காலராவை ஆய்ந்தார். நம் புனேயைப் பிளேக் சூறையாடிய 1897இல், அந்நோயை ஆராய வந்த ஜெர்மானியக் குழுவோடு பம்பாயில் இருந்தார். 1905இல் நோபல் பரிசு பெற்று, 1910 மே 27 அன்று பாடன்-பாடனில் காலமானார்.

அவர் தேடிய மருந்து கிட்டியது 1952இல். ஐசோனியாசிட் என்னும் அம்மாத்திரை மைக்காலிக் அமிலம் உண்டாவதையே தடுக்கிறது. அதற்கு ஆட்பட்ட கிருமி, அமிலத்துக்கு அசையாத அந்நிறத்தையும் இழந்துவிடுகிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மாத்திரையை வீட்டிலிருந்தே உண்டவரும் ஆஸ்பத்திரியில் தங்கியவரும் ஏறத்தாழ ஒப்பக் குணமடைந்ததையும், வீட்டார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதையும் காட்டியது. அந்நோயாளிகளிற் பலர் நம்மைப்போலவே நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழை எளியவர்.