உங்க வீட்டு ரெக்கார்டருக்குள்ள ஒரு டென்மார்க்காரர்

இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வருஷமே சொந்தக்காரங்க கிட்ட இருந்து ஒரு வேலை வந்துடும். வீட்டுக்கு கேமரா மாட்டணும், எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு. நீங்க படிக்கிறது சிவிலா இருந்தாலும் தப்பிக்க முடியாது. நாமளும் மெகாபிக்சல், நைட் விஷன்னு நாலு வார்த்தை அடிச்சு விடுவோம். கடைக்காரர் அடுத்து டிவிஆரா என்விஆரா, ஹார்ட் டிஸ்க் எத்தனை டிபி, வயர் இழுக்கணுமா வைஃபையான்னு கேட்கும்போதுதான் முழி பிதுங்கும்.

உண்மையில அந்த ரெண்டாவது கேள்விகள்தான் முக்கியமானவை. ராத்திரி யாரோ காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதிச்சதை மறுநாள் காலையில கேமரா உங்களுக்குச் சொல்லாது. கேமரா பார்த்ததைப் பத்திரமா வெச்சிருக்கற டப்பாவும், அது வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கற வழியும்தான் சொல்லும். இந்த டப்பாவுக்கும் அந்த வழிக்கும் அடிப்படையா ஒரே மனுஷனோட ரெண்டு கண்டுபிடிப்புகள் இருக்கு. அவர் பேர் வால்டெமார் பௌல்சன். எடிசன், டெஸ்லா அளவுக்கு நம்ம ஊர்ல பேர் அடிபடாதவர். ஆனா டென்மார்க்ல பெரிய ஆள்.

1869 நவம்பர் 23-ல் கோபன்ஹேகன்ல பிறந்தார். அப்பா நீதிபதி. 1889-லிருந்து 1893 வரை கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துல இயற்கை அறிவியல் படிச்சார். அப்புறம் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். பளபளப்பான ஆராய்ச்சி வேலைன்னு நினைச்சுடாதீங்க, டெலிபோன் கம்பெனியோட தொழில்நுட்பப் பிரிவு. ஆனா அங்க இருந்ததாலதான் ஒரு குறை அவர் கண்ணுல பட்டது. போன் அடிக்குது, எடுக்க ஆள் இல்லை, சொல்ல வந்த சேதி காத்தோட போச்சு. ஆள் இல்லாத நேரத்துல வர்ற சேதியை இயந்திரமே வாங்கி வெச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? வீட்டுல ஆள் இல்லாதப்போ நடக்கறதைப் பதிஞ்சு வைன்னு நீங்க இன்னிக்கு ரெக்கார்டர் கிட்ட கேட்கறதும் இதையேதான்.

எடிசனோட போனோகிராஃப் 1877-லயே வந்துடுச்சு. ஆனா அது ஊசியால பள்ளம் கீறற இயந்திரம். கீறினதை அழிச்சுட்டு அதே இடத்துல புதுசா எழுத முடியாது. பௌல்சன் காந்தத்தைப் பிடிச்சார். மைக்ல பேசினா மின்னோட்டம் கூடும், குறையும். அந்த மின்னோட்டத்தை ஒரு சின்ன மின்காந்தத்துக்குள்ள விட்டு, அதை எஃகுக் கம்பி மேல நகர்த்திக்கிட்டே போனா, கம்பியில ஒவ்வொரு இடமும் வேற வேற அளவுல காந்தமாகி நிக்கும். திரும்ப அதே பாதையில காந்தத்தை ஓட்டினா, அது மின்னோட்டமா மாறி காதுல குரலா கேட்கும். எலக்ட்ரோமேக்னடிக் இண்டக்‌ஷன், பிளஸ் டூ பாடம்தான்.

அவர் இதைச் செஞ்சு பார்த்த விதம் நம்ம மினி புராஜெக்ட் மாதிரியே இருக்கும். ஒரு கம்பியை நீளமா இழுத்துக் கட்டினார். அது மேல மின்காந்தம் வெச்ச ஒரு சின்ன வண்டி. வண்டியை கம்பி மேல ஓட்டிக்கிட்டே மைக்ல பேசினார். அப்புறம் மைக்கைக் கழட்டிட்டு டெலிபோன் ரிசீவரை மாட்டி, வண்டியை முதல்ல இருந்து ஓட்டினார். அவர் பேசினது அவருக்கே கேட்டது. 1898-ல் டென்மார்க்ல பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சார், அமெரிக்க பேட்டன்ட் 1900 நவம்பர்ல கிடைச்சது. இயந்திரத்துக்கு டெலிகிராஃபோன்னு பேர். காந்தத்துல ஒலியைப் பதியற யோசனையை 1888-லயே அமெரிக்காக்காரர் ஓபர்லின் ஸ்மித் ஒரு பத்திரிகையில எழுதியிருந்தார். ஆனா வேலை செய்யற கருவியாக் கொண்டு வந்து நிறுத்தினது பௌல்சன்தான்.

இன்னொரு விஷயம். ஒரு காந்தத்தைக் காட்டினா போதும், கம்பி பழையபடி காலி. மறுபடி எழுதலாம், எத்தனை தடவை வேணும்னாலும். உங்க ரெக்கார்டர் ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சதும் பழைய நாளை அழிச்சுட்டு மேல எழுதுதே, அந்த வசதியோட ஆரம்பம் இங்கதான். கம்பியோட அவர் நிக்கவும் இல்லை. எஃகுத் தகடையே வட்டமா வெட்டி, அதுல பதியற மாடலும் செஞ்சார். சுத்தற வட்டம், அது மேல நகர்ற காந்தத் தலை. படம் பார்த்தா ஹார்ட் டிஸ்க்கோட கொள்ளுத்தாத்தான்னு உடனே தெரிஞ்சுடும்.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில டெலிகிராஃபோனுக்கு கிராண்ட் பிரி பரிசு. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் அதுல பேசிப் பார்த்தார். அந்தப் பதிவு இன்னிக்கும் டென்மார்க்ல பத்திரமா இருக்கு. இப்போ உலகத்துல மிச்சமிருக்கற காந்தப் பதிவுகள்ல பழசு அதுதான். நூற்றி இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் கேட்க முடியுது. நம்ம பென் டிரைவ் போன செமஸ்டர் ரெக்கார்டையே தொலைச்சுடுது!

இவ்வளவு இருந்தும் டெலிகிராஃபோன் தோத்துப் போச்சு. எனக்கு இந்த வாழ்க்கையில ரொம்பப் பிடிச்ச இடம், மனசு கனக்கற இடமும் இதுதான். பதிவு தெளிவாத்தான் இருந்தது, ஆனா சத்தம் ரொம்பக் கம்மி. காதுல ரிசீவரை அழுத்தி வெச்சுக்கிட்டுத்தான் கேட்கணும். சத்தத்தைப் பெருக்க ஆம்ப்ளிஃபையர் வேணும். அதுக்கான வெற்றிடக் குழாய் லீ டி ஃபாரஸ்ட் கையில 1906-லதான் பிறந்தது. அதை ஒழுங்கா ஆம்ப்ளிஃபையரா பயன்படுத்தக் கத்துக்க இன்னும் சில வருஷம் ஆச்சு. கம்பி முறுக்கிக்கும், சிக்கிக்கும். ஆரம்ப மாடல்கள்ல பதியற நேரமும் ரொம்பக் கொஞ்சம், ரீல் மாடல் வந்த பிறகுதான் அரை மணி நேரம் கிடைச்சது. அமெரிக்காவுல 1903-ல் இதுக்குன்னே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு பங்கு வித்தாங்க. அலுவலகங்களுக்குப் போன இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் பண்ணின. கடைசியில கம்பெனி திவால், பங்கு வாங்கினவங்க பணம் போச்சு. கண்டுபிடிப்புல தப்பில்லை. அதைச் சுத்தி இருக்க வேண்டிய மத்த பாகங்கள் இன்னும் பிறக்கலை.

கேமரா செட் வாங்கும்போதும் இதையேதான் பார்க்கணும். எட்டு மெகாபிக்சல் கேமராவை வாங்கிட்டு ஒரு டிபி டிஸ்க்கைப் போட்டா பௌல்சனோட கம்பி கதைதான், சீக்கிரம் தீர்ந்துடும். கணக்கு சுலபம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 86,400 நொடி. எட்டால வகுத்தா 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86.4 ஜிபி. முப்பது நாள் வேணும்னா சுமார் 2.6 டிபி. அப்போ 4 டிபி டிஸ்க் போதும். அதே படத்தை எச்.265 இல்லாம பழைய எச்.264-ல பதிஞ்சு நொடிக்கு 4 மெகாபிட் ஆச்சுன்னா கணக்கு ரெண்டு மடங்கு, 4 டிபி பத்தாது. டிஸ்க்கும் சர்வைலன்ஸ் வகையா வாங்குங்க. அது நாள் முழுக்க எழுதிக்கிட்டே இருக்கறதுக்காகச் செஞ்சது. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டினதைப் போடாதீங்க. வீட்டுல ஏற்கனவே கோஆக்சியல் வயர் ஓடியிருந்தா டிவிஆர் வெச்சுக்கலாம். புதுசா இழுக்கறதா இருந்தா என்விஆர்தான், என் கருத்து. வாங்கறப்போ எத்தனை சேனல்னு மட்டும் பார்க்காம, உள்ள வர்ற மொத்த பேண்ட்வித் எவ்வளவு தாங்கும்னு டேட்டாஷீட்ல பாருங்க. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இனி பௌல்சனோட ரெண்டாவது கண்டுபிடிப்பு. ஒரு இயந்திரம் சந்தையில திணறும்போதே அவர் வேற பக்கம் திரும்பிட்டார். அந்தக் காலத்து வயர்லெஸ் எல்லாம் ஸ்பார்க் வகை. தீப்பொறி அடிக்கும், அலை கிளம்பும், உடனே தேய்ஞ்சு போகும். அப்படிப்பட்ட அலை ஒரே அலைவரிசையில நிக்காது, அக்கம்பக்கத்து அலைவரிசைகள் மேலயும் சிந்தும். பக்கத்து பக்கத்துல ரெண்டு நிலையம் இருந்தா ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குத் தொல்லை. பிரிட்டனோட வில்லியம் டடெல் மின் வில்லைப் பாட வெச்சுக் காட்டியிருந்தார், ஆனா அது காதுக்குக் கேட்கற அதிர்வெண் அளவுதான் போனது. பௌல்சன் அந்த வில்லை ஹைட்ரஜன் கலந்த வாயுவுக்குள்ள வெச்சு, பலமான காந்தப்புலத்தையும் சேர்த்தார். அதிர்வெண் ரேடியோ அளவுக்கு ஏறிச்சு, அலையும் தேயாம தொடர்ந்து ஓடிச்சு. கண்டின்யுவஸ் வேவ்னு நம்ம கம்யூனிகேஷன் பாடத்துல வருமே, அதை ஒழுங்கா உண்டாக்கின ஆரம்பகாலக் கருவிகள்ல ஒண்ணு இது. 1903 வாக்குல பேட்டன்ட் ஆச்சு. கூட நின்னு கணக்கும் கோட்பாடும் பார்த்தவர் பெடர் ஓலுஃப் பெடர்சன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் டெலிகிராஃபோன்ல சிக்னலோட ஒரு நிலையான மின்னோட்டத்தையும் சேர்த்து விட்டா பதிவு இன்னும் தெளிவாகும்னும் கண்டுபிடிச்சாங்க. டேப் ரெக்கார்டர்ல பயஸ்னு சொல்றது அதைத்தான்.

இந்தத் தடவை காலம் அவர் பக்கம் நின்னது. ஸ்டான்ஃபோர்ட்ல படிச்ச சிரில் எல்வெல் 1909-ல் கோபன்ஹேகன் போய் உரிமை வாங்கிட்டு வந்தார். அமெரிக்கக் கடற்படை ஆர்லிங்டன் நிலையத்துல 100 கிலோவாட் ஸ்பார்க் கருவியோட பௌல்சன் ஆர்க்கைப் போட்டி வெச்சது. ஆர்க்குக்கு பவர் சுமார் மூணுல ஒரு பங்கு. ஜெயிச்சது ஆர்க். முதல் உலகப்போர் முடிஞ்சப்போ பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துல கட்டின லஃபாயெட் நிலையத்துக்கு ஆயிரம் கிலோவாட் ஆர்க் போனது. பிறகு வெற்றிடக் குழாய் வளர்ந்து ஆர்க்கையும் ஓரங்கட்டிடுச்சு. ஆனா தொடர் அலை போகலை. உங்க ரூட்டர் ஆன்டெனாவுல ஏறி வர்ற கேரியர் அதே குடும்பம்தான்.

ஸ்பார்க் காலத்துச் சண்டையும் வீட்டுக்குள்ள இன்னும் முடியலை. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல்னா 1, 6, 11, மூணே மூணு. அபார்ட்மென்ட்ல இருபது ரூட்டர் அந்த மூணுக்கு அடிச்சுக்குது. அதுல நாலு கேமராவை வேற ஏத்தினா, படம் தேவைப்படற நேரத்துல நின்னு நின்னு வரும். அதனால நிரந்தரமா ஒரே இடத்துல நிக்கற கேமராவுக்கு வயர் இழுத்துடுங்க. பிஓஇ சுவிட்ச் வெச்சா ஒரே கேட் 6 கேபிள்ல டேட்டாவும் கரண்டும் போகும். 100 மீட்டர் வரைக்கும் கவலை இல்லை. அடிப்படை பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், சாதாரண கேமராவுக்குத் தாராளம். சுவிட்ச்சோட மொத்த வாட்டையும் கூட்டிப் பாருங்க, எட்டு போர்ட் இருந்தா எட்டுக்கும் முழு பவர் கிடைக்கும்னு அர்த்தம் இல்லை. சுவிட்ச், ரூட்டர், ரெக்கார்டர் மூணும் ஒரே யுபிஎஸ்ல இருக்கட்டும். கரண்ட் போன ராத்திரிதான் திருட்டுக்கு வசதி.

பௌல்சன் 1942 ஜூலையில இறந்தார். டென்மார்க் அப்போ ஜெர்மன் படையோட பிடியில இருந்தது. அவரோட யோசனை அதே ஜெர்மனியில கம்பியிலிருந்து டேப்புக்கு மாறி, மேக்னடோஃபோன்கற பேர்ல ஓடிக்கிட்டு இருந்தது. அதே 1942-ல், பால்டிக் கடலோரத்துல பேனமுண்டேங்கற இடத்துல வி-2 ராக்கெட் ஏவுறதைத் தூரத்துல இருந்து பார்க்க வால்டர் புரூக் கேமராவும் திரையும் வெச்சுக் கொடுத்தார். சிசிடிவி வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குது. கேமரா பார்த்தது, ஆள் பார்த்தாங்க, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பதிஞ்சு வைக்க ரெக்கார்டர் கிடையாது. அதுக்கு 1956 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த ஒரே வருஷத்துல ஆம்பெக்ஸ் கம்பெனியோட வீடியோ டேப் ரெக்கார்டரும், ஐபிஎம் கம்பெனியோட முதல் ஹார்ட் டிஸ்க்கும் வந்தன. ரெண்டுமே காந்தத்துல எழுதற இயந்திரங்கள். ஐபிஎம் டிஸ்க்ல ஐம்பது தட்டு, மொத்தக் கொள்ளளவு 5 எம்பி. நம்ம கணக்குல ஒரு கேமராவோட இருபது நொடி.