எச். எஸ். தாமஸ்

ஹென்றி சல்லிவன் தாமஸ் (சுருக்கமாக எச். எஸ். தாமஸ்) 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய ஆட்சிப் பணி அலுவலரும், தூண்டில் மீன்பிடிப்புப் பற்றிய நூல்களின் ஆசிரியரும் ஆவார். 1873ஆம் ஆண்டில் வெளிவந்த "தி ராட் இன் இந்தியா" (இந்தியாவில் தூண்டிற்கோல்) என்னும் இவரது நூல், தென்னிந்திய ஆறுகளின் பெருங்கெண்டையான மாசீர் மீனை உலகத் தூண்டிற்காரர்களிடையே புகழ்பெறச் செய்தது. தூண்டில் பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த இவர், ஆற்று மீன்வளம் அழிந்து வருவதை அரசுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தவர்களுள் ஒருவர்.

ஆட்சிப் பணி

தாமஸ் சென்னை ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். அன்றைய சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த தென் கன்னட மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மங்களூர் அருகே கடலில் கலக்கும் நேத்திராவதி முதலிய ஆறுகள் இம்மாவட்டத்தில் பாய்கின்றன. இந்த ஆறுகளின் மீன்வளம் குறித்து இவர் எழுதிய அறிக்கை 1870இல் இலண்டனில் அச்சிடப்பட்டது.

பின்னர் 1870களில் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியராக இருந்தார். மாகாணத்தின் பெரும்பகுதியை வாட்டிய 1876-78 பெரும் பஞ்சம் அப்பத்தாண்டில் நிகழ்ந்ததாகும். 1880களில் வருவாய் வாரியத்துடன் தொடர்புடைய பணிகளில் ஈடுபட்ட இவர், தஞ்சாவூர் மாவட்ட நிலவரித் தள்ளுபடி குறித்து 1885இல் ஓர் அறிக்கை எழுதினார். இலண்டன் லின்னியன் கழகத்தின் உறுப்பினராகவும் இருந்தார்.

நூல்கள்

* தென் கன்னட மாவட்ட மீன் வளர்ப்பு அறிக்கை - 1870
* தி ராட் இன் இந்தியா - முதற் பதிப்பு 1873 (மங்களூர்), இரண்டாம் பதிப்பு 1881, மூன்றாம் பதிப்பு 1897
* டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா (இந்திய ஏரிகளில் தூண்டில் பிடித்தல்) - 1887

இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டிற்காரர்கள், அங்கு சால்மன், டிரவுட் மீன்களுக்குப் பழகிய முறைகளையே இந்திய ஆறுகளிலும் கையாண்டு வெறுங்கையுடன் திரும்பினர். இங்கே மீனே இல்லை என்னும் கருத்தும் அவர்களிடையே நிலவியது. மீன் இருக்கிறது, முறைதான் பொருந்தவில்லை என்பதை தாமஸ் தமது நூலில் விளக்கினார். ஒவ்வொரு மீனின் வாயமைப்பு, உணவு, அது இரையெடுக்கும் விதம், தண்ணீர் தெளியும் பருவம் ஆகியவற்றை அறிந்து தூண்டிலை அமைக்க வேண்டும் என்பதே இவருடைய நூல்களின் அடிப்படை. மாசீர் மட்டுமன்றி, கர்நாடகக் கெண்டை, விரால், கழிமுகங்களில் வாழும் கொடுவாய் ஆகிய மீன்களும் நூலில் இடம்பெறுகின்றன.

தூண்டில் முள் ஏற்றும் முறை

மீன் இரையைக் கவ்விய பின், முள் அதன் வாயில் தைக்குமாறு கோலைச் சுண்டி இழுப்பது தூண்டில் மீன்பிடிப்பின் முதன்மையான நுட்பமாகும். எப்பொழுது, எவ்வளவு விசையுடன் சுண்டுவது என்பது மீனுக்கு மீன் மாறுபடும்.

மாசீர்: இம்மீன் ஓடும் நீரில் இரையைப் பற்றியவுடன் வேகமாகத் திரும்பி ஓடும். அந்த வேகத்திலேயே நரம்பு இறுகி முள் தைத்துவிடுகிறது. தூண்டிற்காரர் தம் பங்குக்கு வலுவாகச் சுண்டினால் நரம்பு அறுபடும். மாசீரின் முதல் ஓட்டமே மிகக் கடுமையானது என்பதையும், உடலோடு ஒப்பிட அதன் துடுப்புகளும் வாலும் மிகப் பெரியவை என்பதையும் தாமஸ் குறிப்பிட்டுள்ளார். எனவே கோலை உயர்த்திப் பிடித்து, நரம்பு தடையின்றி ஓட விட வேண்டும். நீண்ட நரம்பைச் சுற்றிய சுருளி இதற்கு இன்றியமையாதது. மாசீரின் தாடைகளில் பற்கள் இல்லை. கெண்டை இனத்துக்குரிய பற்கள் தொண்டையில் உள்ளன. எனினும் மெல்லிய கம்பியாலான முட்களை அது நசுக்கிவிடும் ஆற்றல் கொண்டது. ஆகவே தடித்த கம்பியாலான முட்கள் பரிந்துரைக்கப்பட்டன. நைலான் நரம்பு 1930களின் இறுதியில்தான் வந்தது. தாமஸ் காலத்தில் பட்டு நூலைப் பின்னிய நரம்பும், அதன் நுனியில் பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து உலர்த்திய நரம்பும் பயன்பட்டன. இவை நனைந்து இற்றுப் போகக்கூடியவை என்பதால், சுண்டும் விசையை அளந்து கையாள்வது இன்றைவிட முக்கியமாக இருந்தது.

விரால்: இதற்குத் தவளை அல்லது சிறுமீன் உயிர் இரையாகப் பயன்படும். விரால் இரையைக் கவ்வியதும் பாசிக்குள் சென்று, பிறகே அதை விழுங்கும். கவ்வியவுடன் சுண்டுபவருக்கு வெறும் முள்ளே மிஞ்சும். சற்றுப் பொறுத்து, நரம்பு நகரத் தொடங்கியதும் உறுதியாக இழுக்க வேண்டும். விராலின் வாய் எலும்புத்தன்மை உடையதாகையால் மெல்லிய சுண்டல் போதாது.

சேல் முதலிய அடிமட்டக் கெண்டைகள்: இவற்றின் வாய் கீழ்நோக்கி அமைந்தது. ஏரியின் அடியில் கிடக்கும் இரையை இவை உறிஞ்சிப் பார்க்கும். தக்கை முழுதும் அமிழாமல் சிறிது அசைவதே அறிகுறியாகும். அப்பொழுது மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுண்ட வேண்டும். ஓங்கி இழுத்தால் மென்மையான உதடு கிழிந்து மீன் தப்பிவிடும்.

இதே நெறி இன்றைய செயற்கை இரைகளுக்கும் பொருந்துகிறது. 1949இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கிய நெகிழிப் புழு, பாஸ் மீன் பிடிப்பில் பரவலானது. ஈயத் தலையுள்ள முட்களும் அவ்வாறே பயன்படுகின்றன. இவ்விரை நீரில் அமிழும்போதே மீன் பற்றுவதால், தளர்ந்த நரம்பை முதலில் சுற்றி இறுக்கிய பின்னரே சுண்ட வேண்டும். தமிழகத்தில் விராலுக்குப் பயன்படும் இரப்பர்த் தவளையில் முட்கள் உடலோடு ஒட்டியிருக்கும். அது உயிர் இரை அன்று என்று உணர்ந்தால் மீன் துப்பிவிடும். ஆதலால் உயிர்த் தவளைக்குப் பொறுப்பது போல நெடுநேரம் பொறுக்க இயலாது. அதே வேளையில் முள் இரப்பரை விட்டு வெளிவருமாறு வலுவாக இழுக்கவும் வேண்டும்.

ஏரித் தூண்டில்

மாசீர் வாழும் மலையாறுகளுக்குச் செல்ல விடுமுறையும் செலவும் தேவை. ஏரிகளோ தமிழகச் சமவெளி எங்கும் உள்ளன. 1887இல் வெளிவந்த நூல் இந்த ஏரிகளை நோக்கி எழுதப்பட்டது. செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம் போன்ற ஊர்களின் ஏரிகளில் கெண்டைக்கும் விராலுக்கும் மூங்கிற்கோலும் மண்புழுவும் கொண்டு தூண்டில் போடுவது ஊர்மக்கள் நன்கறிந்த வழக்கம். இவ்வகை மீன்பிடிப்பைத் தனி நூலுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டது இந்நூலின் சிறப்பு.

மீன்வளப் பாதுகாப்பு

ஆற்றங்கரைகளில் தூண்டிலுடன் அலைந்த அனுபவம் தாமஸை வேறொரு முடிவுக்கு இட்டுச் சென்றது. நச்சுத் தாவரங்களை இட்டு மடுக்களைக் கலக்குவதாலும், மிக நுண்ணிய கண்ணுடைய வலைகளாலும், ஓடைகளை அடைத்து வைக்கும் பொறிகளாலும் மீன்குஞ்சுகள் பெருமளவில் அழிந்தன. குஞ்சு வளர்ந்து மீனானால் அதே ஆறு பன்மடங்கு உணவு தரும் என்பதால், அவர் இதை விளையாட்டுக்காரரின் குறையாக மட்டும் கருதாமல் மக்களின் உணவுச் சிக்கலாகக் கண்டு, மீன்பிடிச் சட்டம் தேவை என வலியுறுத்தினார்.

இதே காலத்தில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே, இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை 1873இல் வெளியிட்டார். எனினும் நாடு தழுவிய இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் இயற்றப்பட்டது. தாமஸின் முதல் அறிக்கைக்கும் இதற்கும் இடையே 27 ஆண்டுகள் கடந்துவிட்டன. வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதை இச்சட்டம் தடை செய்தது. வலைக்கண் அளவு, அடைப்புகள் ஆகியவற்றுக்கு விதி வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை 1907இல் அமைந்தது.

இச்சட்டத்தின் சுமை பெரும்பாலும் ஏழை மலைவாசிகள் மீதும் மீனவர் மீதும் விழுந்தது. ஆனால், ஆற்று மீன்கள் மேலேறிச் செல்லும் வழியை மறித்ததில் அரசே கட்டிய அணைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் காவிரியில் உல்லம் மீனின் வரத்து நின்றுபோனது இதற்குச் சான்றாகும்.

பிற்காலம்

1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு (சுமார் 54 கிலோகிராம்) எடையுள்ள மாசீர் தூண்டிலில் பிடிபட்டது. காவிரி ஆற்றுத் தொகுதிக்கே உரிய இந்தத் திமில் மாசீருக்கு நெடுங்காலம் உறுதியான அறிவியற்பெயர் இல்லாமல் இருந்தது. அது டோர் ரெமாதேவியே என 2018இல் அறியப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதே ஆண்டில் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல், வெளியிலிருந்து விடப்பட்ட வேறு மாசீர் இனங்கள் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தாமஸ் 1870இல் சுட்டிக்காட்டிய அழிவு வேறு வடிவங்களில் தொடர்வதை இது காட்டுகிறது.